கோழியை முதல்நாளே இறக்கி வையுங்கள்

கேள்வி: ஐயா, நான் யாழ்ப்பாணத்தில் கொக்குவிலில் இருக்கிறேன், பாடசாலையில் படிப்பிக்கிறேன். கோழிக்கறி வைக்கிற நாட்களில் காலை 7 மணிக்கு வேலைக்குப் போகமுதல் பிரீசரில் இருந்து கோழியை எடுத்து சிங்க்குக்குள் வைத்துவிட்டுப் போவேன். பின்னேரம் 2 மணிக்கு வந்து பார்த்தால் நன்றாக இளகியிருக்கும். பிறகு கிணற்றடியில் வைத்து மஞ்சளும் தேசிக்காய்ப் புளியும் போட்டுக் கழுவிச் சமைப்பேன். இரண்டு வருடமாக இப்படித்தான், ஒருவருக்கும் ஒன்றும் நடக்கவில்லை. கனடாவில் இருந்து வந்து நிற்கிற மச்சாள் இதைக் கண்டு பயந்துவிட்டார். வெளியில் வைக்கக் கூடாது, குளிர்ந்த பைப் தண்ணீருக்குள் வைக்க வேண்டும், கழுவவே கூடாது என்கிறார். மாமியோ, "கொதிக்கிற கறியில் எந்தக் கிருமி உயிரோடு இருக்கும்?" என்று கேட்கிறார். வருகிற ஞாயிற்றுக்கிழமை மகனுக்குப் பிறந்தநாள். நாலு முழுக் கோழி பிரீசரில் இருக்கிறது. நான் யார் சொல்வதைக் கேட்பது?

பதில்: தங்கச்சி, மாமியின் கேள்வியில் இருந்தே தொடங்குகிறேன். பொதுச் சுகாதாரப் பரிசோதகராக வேலை செய்த காலம் முழுக்க நான் அதிகம் கேட்ட கேள்வி அதுதான். அவர் சொல்வதில் பெரும்பகுதி சரி. கோழி இறைச்சியின் நடுப்பகுதி 74 பாகை செல்சியஸைத் தொட்டால், கோழியில் வழக்கமாக இருக்கும் சல்மொனெல்லா, கம்பிலோபக்டர் போன்ற கிருமிகள் செத்துவிடும். நாங்கள் கறி வைக்கிற முறையில் இறைச்சி அந்தச் சூட்டைத் தாண்டி நெடுநேரம் கொதிக்கிறது. ஆகவே உங்கள் வீட்டுக் கறியைப் பற்றி எனக்குப் பெரிய கவலை இல்லை.

என் கவலையெல்லாம் அன்றைக்குக் கோப்பையில் கறிக்குப் பக்கத்தில் இருக்கிற மற்றச் சாப்பாட்டைப் பற்றித்தான். வல்லாரைச் சம்பல் கொதிப்பதில்லை. வெள்ளரிக்காய் கொதிப்பதில்லை. பிள்ளைக்கு நறுக்கிக் கொடுக்கிற மாம்பழம் கொதிப்பதில்லை. கோழி ஏழு மணித்தியாலம் கிடந்த அதே சிங்க்குக்குள்தான் அந்த வல்லாரையைப் போட்டு அலசுகிறீர்கள். கோழி பிடித்த கையாலேயே பைப்பைத் திறக்கிறீர்கள். பிறகு கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவினாலும், மூடும்போது பிடிப்பது அதே பைப்பைத்தான். கம்பிலோபக்டர் கிருமி சில நூறு இருந்தாலே ஒருவரை வருத்தத்தில் விழுத்தப் போதும். கோழியில் இருந்து கசிகிற அந்த இளஞ்சிவப்புத் தண்ணீரில் ஒரு சொட்டுக்குள்ளேயே அவ்வளவும் இருக்கலாம்.

வேலையில் இருந்த காலத்தில், வயிற்றோட்டம் என்று தகவல் வந்த ஒரு வீட்டுக்குப் போனேன். இரண்டு பிள்ளைகளுக்குத்தான் வருத்தம். கோழிக்கறியை வயிறாரச் சாப்பிட்ட பெரியவர்கள் சுகமாக இருந்தார்கள். வருத்தம் வந்த பிள்ளைகளில் ஒன்று அன்று கோழியைத் தொடவேயில்லை. தாயோடு ஆறுதலாக இருந்து கதைத்துப் பார்த்தபோதுதான், கோழி வெட்டிய பலகையைத் தண்ணீரில் ஒருமுறை அலசிவிட்டு அதிலேயே கறுத்தக்கொழும்பான் மாம்பழம் வெட்டிக் கொடுத்தது தெரியவந்தது. ஆய்வுகூடத்தில் நிரூபித்த விடயம் இல்லை இது. ஆனால் அன்றிலிருந்து எந்தக் குசினிக்குள் போனாலும் என் கண் முதலில் வெட்டுகிற பலகையைத்தான் தேடும்.

இரண்டு வருடமாக ஒன்றும் நடக்கவில்லை என்கிறீர்கள். அப்படியே இருந்தால் எனக்கும் சந்தோசம். ஆனாலும் ஒன்றை யோசித்துப் பாருங்கள். கம்பிலோபக்டர் உடம்புக்குள் போனால் அன்றைக்கே வயிற்றைக் கலக்காது, பெரும்பாலும் 2 முதல் 5 நாள் எடுக்கும். சல்மொனெல்லாவும் சிலருக்கு நாலைந்து நாள் கழித்துத்தான் காட்டும். ஞாயிற்றுக்கிழமை கோழி வெட்டிய வீட்டில் புதன்கிழமை பிள்ளைக்கு வயிற்றால் போனால், செவ்வாய்க்கிழமை கடையில் வாங்கிக் கொடுத்த ஐஸ்கிறீமைத்தான் குற்றம் சொல்வோம். ஞாயிற்றுக்கிழமைக் கோழி யாருக்கும் ஞாபகம் வராது. இந்த இரண்டு வருடத்தில் வந்துபோன வயிற்றுக் குழப்பங்கள் எல்லாவற்றுக்கும் காரணம் தெரியும் என்று உங்களால் உறுதியாகச் சொல்ல முடியுமா?

இனி அந்த ஏழு மணித்தியாலம். உறைந்த கோழி ஒரே நேரத்தில் முழுவதுமாக இளகுவதில்லை. நடுவில் கல்லுப் போல ஐஸ் இருக்கும்போதே தோலும் செட்டையும் குசினியின் சூட்டுக்கு வந்துவிடும். 5 பாகைக்கும் 60 பாகைக்கும் இடைப்பட்ட சூடுதான் கிருமிகள் பெருகுகிற சூடு. அதற்குள்ளும் எங்கள் வீடுகளின் 30 பாகை அவற்றுக்கு மிகவும் வாய்ப்பானது. ஈரமும் தீனியும் கிடைத்தால் சில கிருமிகள் 20 நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிக்கும். முதல் மூன்று மணித்தியாலம் கோழி குளிராக இருந்தது என்று கழித்துவிட்டாலும், மிச்ச நாலு மணித்தியாலத்தில் ஒரு கிருமி நாலாயிரத்தைத் தாண்டிவிடும். போதாததற்கு, ஸ்டஃபிலோகொக்கஸ் என்ற கிருமி பெருகும்போது விடுகிற நஞ்சு கொதித்தாலும் அழியாது. மாமியின் கணக்கில் விடுபட்ட இடம் அதுதான்.

சமைக்காத இறைச்சியும் சரி, சமைத்த கறியும் சரி, வெளியில் இருக்கக்கூடிய நேரம் மொத்தமாக 2 மணித்தியாலம். வெளிச் சூடு 32 பாகையைத் தாண்டினால் 1 மணித்தியாலம்தான். சித்திரை, வைகாசியில் தகரக் கொட்டிலாக இருக்கிற குசினிகள் மத்தியானத்தில் எப்படி எரியும் என்று நான் சொல்லத் தேவையில்லை.

மச்சாள் சொன்ன தண்ணீர் முறை தவறானது இல்லை. அவர் இருக்கிற ஊருக்கு அது சரி. ரொறன்ரோவில் குளிர்காலத்தில் பைப்பைத் திறந்தால் கை விறைக்கும். இங்கே கிணற்றில் இருந்து அள்ளின தண்ணீரே 25 பாகைக்குக் கீழே இறங்குவது அரிது. மொட்டை மாடித் தாங்கியில் இருந்து வருகிற தண்ணீர் மத்தியானத்தில் கையைச் சுடும். அதற்குள் கோழியைப் போடுவதும் வெயிலில் வைப்பதும் கிட்டத்தட்ட ஒன்றுதான். குளிர்நாட்டுக்காரருக்கு எழுதிய அறிவுரையை அப்படியே இங்கே கொண்டுவந்தால் இந்தச் சிக்கல் வரும். தண்ணீர் முறையை இங்கே செய்வதென்றால் ஐஸ் கட்டாயம் வேண்டும். கோழியை ஓட்டையில்லாத பைக்குள் போட்டு, காற்றை வெளியேற்றி இறுக்கிக் கட்டி, ஆழமான சட்டிக்குள் அமிழ்த்தி, ஐஸ் கட்டியும் தண்ணீரும் விடுங்கள். 30 நிமிடத்துக்கு ஒருமுறை தண்ணீரை மாற்றுங்கள். ஐஸ் எப்போதும் மிதந்துகொண்டே இருக்க வேண்டும். ஐஸ் தண்ணீரில் மெல்லத்தான் இளகும், துண்டுகளை விட முழுக்கோழிக்குக் கூட நேரம் வேண்டும். இப்படி இளக்கியதை உடனே சமைத்துவிட வேண்டும். மைக்ரோவேவில் இளக்கினாலும் அதே விதிதான், ஏனென்றால் ஓரங்கள் அரைவாசி வெந்துபோய் வெளியே வரும்.

நான் உங்களுக்குச் சொல்ல விரும்புகிற முறை இவை இரண்டையும் விடச் சுகமானது. முதல்நாள் இரவு பாத்திரம் கழுவி முடித்த கையோடு கோழியை பிரீசரில் இருந்து பிரிட்ஜுக்கு இறக்கி வையுங்கள். வேறு ஒரு வேலையும் இல்லை. பிரிட்ஜ் 5 பாகைக்குக் கீழே இருப்பதால் கோழி இளகி முடிகிற வரைக்கும் கிருமிகளுக்கு அந்தச் சூடு கிடைப்பதேயில்லை. துண்டு போட்ட ஒரு கிலோ கோழி அடுத்த நாள் பின்னேரம் நீங்கள் பள்ளிக்கூடத்தால் வரும்போது தயாராக இருக்கும். முழுக்கோழிக்கு ஒரு முழுநாள் கொடுங்கள்.

பிரிட்ஜுக்குள் எந்த இடத்தில் வைப்பது என்பதும் முக்கியம். கோழியைப் பையோடு ஒரு ஆழமான சட்டிக்குள் வைத்து, மரக்கறிப் பெட்டிக்கு மேலே உள்ள கடைசித் தட்டில் வையுங்கள். மரக்கறிப் பெட்டி அதற்கும் கீழே இருப்பதால் தட்டையான கோப்பை போதாது, தண்ணீர் வழிந்துவிடும். பால், தயிர், வெட்டி வைத்த பழம் எல்லாம் மேல்தட்டுகளுக்குப் போகட்டும். இப்படி இளகிய கோழியை அன்றைக்கே சமைக்க முடியாமல் போனால் பதறத் தேவையில்லை. பிரிட்ஜுக்குள்ளேயே இன்னும் ஒரு நாள், கூடினால் இரண்டு நாள் இருக்கலாம். திரும்ப பிரீசருக்குள் வைத்தாலும் ஆபத்தில்லை, இறைச்சி கொஞ்சம் சாறு இழந்து நார் பிடிக்கும், அவ்வளவுதான். ஆனால் சிங்க்கில் இளகினதையோ தண்ணீரில் இளகினதையோ பச்சையாகத் திரும்ப உறைய வைக்கக் கூடாது.

சரி, இறக்கி வைக்க மறந்துவிட்டால்? படிப்பிக்கிற, பிள்ளை வளர்க்கிற ஒருவருக்கு மறதி வரத்தான் செய்யும். அப்போது உறைந்தபடியே சமையுங்கள். துண்டுக் கோழியை அப்படியே சட்டிக்குள் போட்டு, அரைக் குவளை தண்ணீர் விட்டு மூடி, மெல்லிய நெருப்பில் வைத்தால் துண்டுகள் தாமாகப் பிரிந்து வரும். பிறகு தாளிதத்தைச் சேர்த்து வழக்கம் போலக் கறியாக்கலாம். ஒன்றரை மடங்கு நேரம் எடுக்கும், ஆபத்து ஒன்றும் இல்லை. பொரிப்பதற்கு மட்டும் இது வேண்டாம். ஐஸ் எண்ணெயில் பட்டு வெடிக்கும், வெளியே பொன்னிறமாகும்போது உள்ளே பச்சையாகவே இருக்கும்.

இன்னொரு பழக்கமும் உங்களுக்கு நிறைய உதவும். கடையில் வாங்கி வந்த அன்றே, ஒரு நேரச் சமையலுக்கு வேண்டிய அளவாகப் பிரித்து, பைக்குள் போட்டு, உள்ளங்கை மொத்தத்துக்குத் தட்டையாக அமத்தி உறைய வையுங்கள். உருண்டையாக உறைந்த ஒரு கிலோ நாள் முழுக்க எடுக்கும்போது, தட்டையாக உறைந்த அரைக் கிலோ ஒரு இரவிலேயே இளகிவிடும். வாங்கும்போது பையின் அடியில் சிவப்பு ஐஸ் தேங்கி உறைந்திருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அது ஒருமுறை இளகித் திரும்ப உறைந்த கோழியாக இருக்கலாம். அதை வாங்க வேண்டாம்.

இப்போது கழுவுவதற்கு வருகிறேன். இதைச் சொன்னால் எங்கள் பெண்களுக்குக் கோபம் வரும் என்று தெரியும். கழுவாமல் சமைப்பது அருவருப்பு என்றுதான் நாங்கள் எல்லோரும் வளர்ந்தோம், அந்த உணர்வை நான் மதிக்கிறேன். ஆனால் கழுவுவதால் கோழியில் இருக்கிற கிருமி போகாது. தெறிக்கிற தண்ணீரோடு சிங்க்குக்கும் உங்கள் உடுப்புக்கும் பக்கத்தில் கவிழ்த்து வைத்த கோப்பைகளுக்கும்தான் அது போகும். மஞ்சளும் தேசிக்காய்ப் புளியும் வெடுக்கைப் போக்கும், ருசி தரும், கிருமியைக் கொல்ல அவை போதாது. கொல்கிற வேலையை நெருப்பு செய்யும். பைக்கற்றில் வருகிற, துப்புரவாக்கிய கோழிக்குக் கழுவுதலே தேவையில்லை. மஞ்சள், உப்பு, புளியைப் பிரட்டி மூடி, ஊறுகிற நேரத்தைப் பிரிட்ஜுக்குள் வைத்து நேராகச் சமையுங்கள். வெடுக்கு நீங்க அதுவே போதும்.

உரித்துத் தருகிற ஊர்க்கோழியில் இரத்தமும் சிறகும் எலும்புத் தூளும் இருக்கும், அதைக் கழுவாமல் மனம் கேட்காது. அப்படியென்றால் ஓடுகிற பைப்புக்குக் கீழே பிடிக்காதீர்கள். ஒரு பெரிய சட்டியில் முதலே தண்ணீர் நிரப்பி, கோழியை அதற்குள் மெதுவாக அமிழ்த்திக் கையால் துடைத்து எடுங்கள். தெறிக்காமல் இருப்பதுதான் முக்கியம். அந்தத் தண்ணீரைச் சத்தமில்லாமல் மலசலகூடத்துக்குள் ஊற்றிவிட்டு, சட்டியைச் சவர்க்காரம் போட்டுத் தேய்த்து, கொதிதண்ணீர் ஊற்றுங்கள்.

கிணற்றடியில் மட்டும் வேண்டாம், தங்கச்சி. இதை நான் கெஞ்சிக் கேட்கிறேன். கோழி பிடித்த கையால் வாளிக் கயிற்றைப் பிடிக்கிறோம். அந்தக் கயிறும் வாளியும்தான் திரும்பக் கிணற்றுக்குள் இறங்குகின்றன. கழுவிய தண்ணீர் கட்டின் வெடிப்பு வழியாகக் கீழே போகிறது. எங்கள் குடாநாட்டின் அடியில் கிடப்பது சுண்ணாம்புக்கல், மேலே ஊற்றுவது அதன் வெடிப்புகளால் வேகமாக இறங்கி நிலத்தடி நீரைச் சேர்ந்துவிடும். வருடம் முழுக்க ஓடுகிற ஆறு இல்லாத ஊர் இது. குடிக்கவும் குளிக்கவும் தோட்டத்துக்கு இறைக்கவும் நாங்கள் பெரும்பாலும் நம்பியிருப்பது அந்த நிலத்தடி நீரைத்தான்.

குசினியில் ஒழுங்கை மாற்றினாலே பாதிப் பிரச்சினை தீரும். சம்பலும் சலாதும் முதலில். வெட்டி, மூடி, தூர வைத்துவிட்டுக் கடைசியாகக் கோழியைத் தொடுங்கள். முடிந்தால் கோழிக்கும் மீனுக்கும் ஒரு பலகை, மரக்கறிக்கும் பழத்துக்கும் வேறு பலகை. கோழி வெட்டிய பலகையையும் கத்தியையும் சவர்க்காரமும் தும்பும் போட்டுத் தேய்த்து, கொதிதண்ணீர் ஊற்றி, வெயிலில் காய வையுங்கள். எங்களுக்கு வெயிலுக்குப் பஞ்சமில்லை. அந்தத் தும்பால் தேத்தண்ணிக் கோப்பையைத் தேய்க்காதீர்கள், அதற்கு வேறு ஒன்று வையுங்கள். கையை 20 விநாடி சவர்க்காரம் போட்டுத் தேயுங்கள், பைப்பின் பிடியையும் சேர்த்துக் கழுவுங்கள். சிங்க்கைத் துடைத்த துணியால் மேசையைத் துடைக்கிற பழக்கம் பல வீடுகளில் இருக்கிறது. அதை விட்டுவிட வேண்டும்.

கரண்ட் நிற்கிற நாட்களைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. ஆனாலும் 2022இல் ஒரு நாளில் 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்த காலத்தில் எத்தனையோ வீட்டார் என்னிடம் கேட்டதால் சொல்கிறேன். கதவைத் திறக்காமல் வைத்தால் நிறைந்த பிரீசர் 48 மணித்தியாலமும் அரைவாசி நிறைந்தது 24 மணித்தியாலமும் குளிரைப் பிடித்து வைக்கும். கீழே பிரிட்ஜ் பகுதி 4 மணித்தியாலம்தான். ஒற்றைக் கதவு பிரிட்ஜின் மேலே இருக்கிற சின்ன ஐஸ் பெட்டி இந்தக் கணக்குக்குள் வராது, அது சீக்கிரம் இளகிவிடும். கரண்ட் வந்ததும் தொட்டுப் பாருங்கள். இறைச்சியில் இன்னும் ஐஸ் பொருக்கு இருந்தால் திரும்ப உறைய விடலாம்.

வெந்த கோழியின் எலும்புக்குப் பக்கத்தில் கறுத்த சிவப்பாக இருந்தால் வேகவில்லை என்று நினைத்துச் சிலர் எறிந்துவிடுவார்கள். உறைய வைத்த இளம் புரொயிலர் கோழியில் எலும்பு மச்சையின் நிறம் வெளியே கசிந்து அப்படிக் கறுக்கும். எலும்பில் இருந்து தள்ளி, தொடையின் மொத்தமான இடத்தைக் கீறிப் பாருங்கள். அங்கே இறைச்சி வழுவழுப்பாகக் கண்ணாடி போல இருந்தால்தான் வேகவில்லை. சந்தேகம் அடிக்கடி வந்தால், இறைச்சிக்குள் குத்திப் பார்க்கிற சின்ன வெப்பமானி ஒன்று வாங்கி வையுங்கள்.

சமைத்த பிறகும் ஒரு கண் வேண்டும். கோழிக்கறியைப் பெரிய சட்டியோடு அடுப்படியில் இரவு முழுக்க விட்டு, காலையில் பாணோடு சாப்பிடுவது எங்கள் வழக்கம். கொதித்தாலும் சாகாத வித்துகளாக இருக்கிற ஒரு கிருமி இருக்கிறது, குளொஸ்ரிடியம் பேர்ஃபிரிஞ்சென்ஸ் என்று பெயர். மொத்தமான கறி மெல்ல மெல்ல ஆறும்போது அது எழும்பிப் பெருகும். கல்யாண வீடு, அந்தியேட்டி வீடு என்று பெரிய கிடாரத்தில் சமைக்கிற இடங்களில் இதனால்தான் வயிற்றோட்டம் வருவது அதிகம். மிஞ்சினதை அகலமான சின்னப் பாத்திரங்களில் பிரித்து, 2 மணித்தியாலத்துக்குள் பிரிட்ஜுக்குள் வையுங்கள். காலையில் சூடு காட்டினால் போதாது, கொதித்து வர வேண்டும்.

யாருக்காவது வயிற்றால் போகத் தொடங்கினால் ஜீவனி என்ற உப்புச் சர்க்கரைத் தூளைத் தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள். கைக்குழந்தை, கர்ப்பிணி, வயது போனவர்கள் என்றால் பார்த்துக்கொண்டு இருக்க வேண்டாம். இரத்தம் கலந்து போனாலோ கடும் காய்ச்சல் வந்தாலோ யாராக இருந்தாலும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள்.

இனி ஞாயிற்றுக்கிழமை. வெள்ளி இரவு இறக்கி வைப்பதுதான் வசதி, ஆனால் மாமி வெள்ளிக்கிழமை குசினியில் மச்ச மாமிசம் தொட விடமாட்டார் என்று நினைக்கிறேன். பரவாயில்லை. சனிக்கிழமை விடியக்காலை எழும்பியதும் நாலு கோழியையும் இறக்குங்கள். ஒன்றுக்கு மேல் ஒன்று அடுக்கினால் நடுவில் இருப்பது இளகாது, இரண்டு சட்டியில் இரண்டு இரண்டாக, இடைவெளி விட்டு வையுங்கள். அதற்கு இடம் வேண்டும், ஆகவே சோடாப் போத்தல்களை எல்லாம் வெளியே எடுத்து ஒரு வாளி ஐஸுக்குள் விடுங்கள். ஞாயிறு காலை கோழியின் வயிற்றுக்குள் கையை விட்டுப் பாருங்கள். உள்ளே இன்னும் ஐஸ் தட்டுப்பட்டால் அது இளகும் வரைக்கும் பையோடு ஐஸ் தண்ணீருக்குள் வையுங்கள். பலகாரத்தையும் கேக்கையும் கோழி வெட்டுகிற மேசையில் வைக்காமல் அறைக்குள் கொண்டுபோய் மூடி வையுங்கள். மகனுக்கு என் ஆசீர்வாதத்தைச் சொல்லுங்கள்.